துயரைச் சொல்லும் சொற்கள்

தோற்றுவாய்

ஒரு மொழியின் வளத்தை அளக்க விரும்புவோர் அம்மொழியில் துயரத்தைச் சொல்ல எத்தனை சொற்கள் உள்ளன என்று முதலில் எண்ணிப் பார்க்கலாம். மகிழ்ச்சியுற்றவன் வாய் திறவாமலே இருந்தாலும் முகம் காட்டிக் கொடுத்துவிடும். துயருற்றவனுக்கோ சொல் வேண்டும். தன் துயரைப் பிறரிடம் சொல்லவும் வேண்டும். அதைக் கேட்பவருக்கு மறுமொழி சொல்லவும் சொல் வேண்டும். அச்சொல் கிடையாதபோது நெஞ்சில் பாரம் தங்கிவிடுகிறது.

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொரு நாளும் மூன்று மொழிகளுக்கிடையே நடமாடுகின்றன. கடைத்தெருவிலும் பேருந்திலும் இந்தி, பள்ளியிலும் அலுவலகத்திலும் ஆங்கிலம், அடுக்களையில் தமிழ். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளின் மக்கள்தொகை ஏறத்தாழ 3 லட்சத்து 80 ஆயிரம். அவர்களுள் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர். இவ்வளவு பேர் வாழும் இடத்தில் தமிழுக்குக் குறைவில்லை எனலாம். ஆயினும் நம் இளையோர் துயரத்தைச் சொல்லும்போது வாயில் வருவன யாவை? 'சாரி', 'அப்செட்', 'டல்', 'மூட் அவுட்', 'ஃபீல் பண்ணாதே'. துக்கம் விசாரிப்பதுகூட இன்று கைப்பேசியில் ஆங்கில எழுத்து மூன்றை அனுப்புவதோடு முடிந்துவிடுகிறது.

ஆங்கிலம் வந்து தமிழைக் கெடுத்துவிட்டது என்று மேடைகளில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். யானும் அவ்வாறே கருதியிருந்தேன். இளங்கலையில் ஆங்கில இலக்கியம் படித்து, மைய அரசின் அலுவலகம் ஒன்றில் கோப்புகளுக்கிடையே இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்ட ஓர் எழுத்தன் யான்; மொழியறிஞன் அல்லன். எனினும் என் வீட்டில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி அக்கருத்தை மறுபடியும் எண்ணிப் பார்க்கச் செய்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், போர்ட் பிளேர் நகரிலுள்ள எங்கள் குடியிருப்பிற்கு இராமநாதபுரத்திலிருந்து தொலைபேசியில் செய்தி வந்தது. (2024 செப்டம்பரில் இந்நகர் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.) என் மனைவியின் தாயாருக்கு ஒரே தம்பி. அவர் காலமாகிவிட்டார். சென்னைக்குக் கப்பல் புறப்பட இன்னும் ஐந்து நாள். புறப்பட்டபின் கடலில் மூன்று நாள். விமானச் சீட்டின் விலையோ என் கைக்கு எட்டாதது. முதியவர் கூடத்தின் நடுவில் அமர்ந்து, கூந்தலை அவிழ்த்துவிட்டு, ஒப்புச் சொல்லி அழத் தொடங்கினார். யான் செய்தது என்ன? எழுந்து சென்று சன்னல்களைச் சாத்தினேன். "அத்தை, கொஞ்சம் மெதுவா... பக்கத்து வீட்டார் என்னவோ ஏதோன்னு ஓடி வருவாங்க" என்றேன். எட்டாம் வகுப்பில் பயின்றுகொண்டிருந்த என் மகள் அவர் கையைப் பற்றிக்கொண்டு, "அம்மாச்சி, ஃபீல் பண்ணாதீங்க" என்றாள். அழுகை நின்றுவிட்டது. அன்றிரவு அவர் உண்ணவுமில்லை. ஒரு வார்த்தை பேசவுமில்லை.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு வங்காளப் பெண்மணி வந்தார். "நேற்று அழுகைச் சத்தம் கேட்டது, உடனே நின்றுவிட்டது. அப்படி நின்றதுதான் எனக்கு அச்சமாக இருந்தது" என்று இந்தியில் சொல்லிவிட்டு, முதியவரின் அருகில் வெகுநேரம் வாளா அமர்ந்திருந்தார். எந்த அயலாரை எண்ணி யான் சன்னலைச் சாத்தினேனோ, அவருக்கு இருந்த அறிவு எனக்கு இல்லாமற் போயிற்று. இக்கட்டுரை அந்த வெட்கத்திலிருந்து பிறந்தது.

ஆங்கிலச் சொற்களின் வேர்

முதலில் ஆங்கிலச் சொற்களைக் காண்போம். அவை வெறுமையானவை என்று எண்ணுவது தவறு. 'சேட்' என்னும் சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் 'நிறைந்தது', 'போதும் என்ற நிலையை அடைந்தது' என்பதே பொருள். நிறைவு கனமாகி, கனம் சோர்வாகி, சோர்வு துயரமாயிற்று. 'கிரீஃப்' என்பது இலத்தீனில் பாரத்தைக் குறிக்கும் சொல்லின் வழிவந்தது. நெஞ்சு கனக்கிறது என்று நாம் சொல்வதும் இதுவே. 'சாரி' என்பது 'சாரோ' என்னும் துயரச் சொல்லிலிருந்து வந்ததாகத் தோன்றும். உண்மையில் அது புண், நோவு எனப் பொருள்படும் வேறொரு சொல்லின் கிளை. ஆகவே 'ஐ ஆம் சாரி' என்று ஆங்கிலேயன் முதன்முதல் சொன்னபோது, 'எனக்கு நோகிறது' என்றே சொன்னான். காலில் மிதித்ததற்கும் கணவனை இழந்தவளிடத்தும் ஒரே 'சாரி' வழங்கும் நிலை பின்னர் வந்தது.

'மெலங்கலி' என்பது கிரேக்கச் சொல். கரும்பித்தம் என்பது அதன் பொருள். உடலில் கரும்பித்தம் மிகுந்தால் மனம் இருளும் என்பது அக்கால மருத்துவரின் கொள்கை. இராபர்ட் பர்ட்டன் என்பார் அந்த ஒரு துயரை ஆராய்ந்தே 1621இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். 'நாஸ்டால்ஜியா' என்னும் சொல்லின் கதை புலம்பெயர்ந்த நமக்கு இன்னும் நெருக்கமானது. சுவிட்சர்லாந்து நாட்டவராகிய யோஹன்னஸ் ஹோஃபர் என்னும் மருத்துவ மாணவர், சொந்த மண்ணைவிட்டு அயலூரில் வாழ்வோர் உணவு கொள்ளாமல் மெலிந்து நோயுறுவதைக் கண்டு, அந்நோய்க்கு 1688இல் இப்பெயரை இட்டார். வீடு திரும்புதல், வலி என்னும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. ஊர் நினைப்பு ஒரு நோய் என்பதை ஐரோப்பா ஏட்டில் எழுதி ஒப்புக்கொண்ட ஆண்டு அது எனலாம்.

இங்ஙனம் ஆங்கிலச் சொற்கள் பாரம், புண், பித்தம் என உடலில் வேர்கொண்டவை. நம்மிடம் வந்து சேர்ந்தவை அந்த வேர்கள் அல்ல, உதிர்ந்த இலைகள். 'ஃபீல்' என்னும் வினை ஆங்கிலத்தில் எல்லா உணர்வுக்கும் பொது. மகிழ்ச்சியையும் 'ஃபீல்' செய்யலாம், குளிரையும் செய்யலாம். தமிழனின் வாயில் அது துயரம் ஒன்றையே குறிக்கும். 'அவன் ரொம்ப ஃபீல் பண்ணினான்' என்றால் அவன் வருந்தினான் என்பதே பொருள். ஆகவே நாம் பேசுவது ஆங்கிலமும் அன்று. துயரத்தின் பெயரைச் சொல்லக் கூசி, 'உணர்வு' என்று பொதுவாகச் சொல்லி ஒதுங்கிக்கொள்கிறோம்.

அலுவலகத்தின் வருத்தம்

என் தொழில் கடிதம் எழுதுவது. ஆதலின் அலுவலக ஆங்கிலத்தின் துயரச் சொற்களை நாள்தோறும் கையாண்டு வருகிறேன். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் 'ரிக்ரெட்' செய்கிறோம். விடுப்பு விண்ணப்பத்தில் தந்தையார் 'எக்ஸ்பயர்ட்' என்று எழுதுகிறோம். மருந்துப் புட்டிக்கும் கடவுச்சீட்டிற்கும் வழங்கும் அதே சொல் பெற்றவருக்கும் பொருந்திவிடுகிறது. இரங்கல் தீர்மானத்தில் 'சேட் டிமைஸ்' என்பது வழக்கம். 'டிமைஸ்' என்பது அடியில் சட்டச் சொல். ஒருவரின் உடைமை மற்றொருவருக்குக் கைமாறுவதைக் குறித்தது. உடைமை பெரும்பாலும் இறப்பின்போதே கைமாறுவதால், அச்சொல் இறப்பிற்கே பெயராயிற்று.

இவற்றை எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் அவற்றிற்கும் ஒரு பயன் உண்டு. முன்பின் அறியாத ஒருவரின் துயரை நாற்பது கோப்புகளுக்கிடையே கையாளவேண்டியவனுக்குச் சற்று விலகி நிற்கும் சொல் வேண்டும். மரியாதைக்கும் ஒரு தூரம் உண்டு. அந்தத் தூரத்துச் சொல்லை வீட்டிற்குள் கொண்டுவரும்போதுதான் தீங்கு நேர்கிறது.

அலுவலகத் தமிழும் இதே வழியில் சென்றது. சிறுவனாக இருந்தபோது தொலைக்காட்சிப் படம் நின்றுபோனால் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்னும் பலகை தோன்றும். அப்பலகையை எத்தனை முறை பார்த்திருப்போம்! எந்திரம் பழுதானதற்கும் வருத்தம். அச்சுப் பிழைக்கும் வருத்தம். ஆங்கில 'ரிக்ரெட்' தமிழ் உடை உடுத்திக்கொண்டு வந்தபோது, வருந்துதல் என்னும் நம் நல்ல சொல் மெலிந்துபோயிற்று. அதே சொல்லுக்கு ஈழத்தமிழில் இன்றும் நோய் என்ற பொருள் உண்டு. அங்கே ஒருவருக்கு வருத்தம் என்றால் அவர் உடல்நலம் குன்றியிருக்கிறார் என்று கொள்வர். சங்கப் பாடல்களிலோ மனத்துயரே நோய் எனப்படுகிறது. ஒரு முனையில் மனத்துயர் நோயாகிறது. மறுமுனையில் நோய் வருத்தமாகிறது. அத்தகைய சொல்லையே நாம் தொலைக்காட்சித் தடங்கலுக்குச் செலவழித்தோம்.

தொல்காப்பியர் வகுத்த நான்கு

தமிழ் துயரை எங்ஙனம் கண்டது? தொல்காப்பியப் பொருளதிகாரத்து மெய்ப்பாட்டியல், மெய்ப்பாடுகள் எட்டினுள் ஒன்றாக அழுகையை வைக்கிறது. அவ்வழுகை பிறக்கும் நிலைக்களங்கள் நான்கு: இழவு, இளிவு, வறுமை, அசைவு என்பன. உற்றாரையோ இன்பம் தருவனவற்றையோ இழப்பது இழவு. பிறரால் இகழப்பட்டு எளியராவது இளிவு. துய்க்க இயலாமல் ஏங்குவது வறுமை. முன்பிருந்த நிலை கெட்டு வேறொன்றாகி வருந்துவது அசைவு. பேராசிரியர் உரையைத் தழுவி இவ்வாறு பொருள் கொள்ளலாம்.

இப்பகுப்பில் ஒரு நுட்பம் உண்டு. ஆங்கிலச் சொற்கள் பெரும்பாலும் துயரின் எடையை அளக்கின்றன. 'சேட்' சிறிது, 'சாரோ' பெரிது, 'கிரீஃப்' அதனினும் பெரிது. தொல்காப்பியர் எடையைக் கேட்கவில்லை. எதனால் வந்தது என்று கேட்கிறார். அழுபவனிடம் எவ்வளவு வலி என்று கேட்பது ஒருவகை; என்ன நேர்ந்தது என்று கேட்பது வேறுவகை. இரண்டாம் கேள்வியைக் கேட்பவரே அருகில் வந்து அமர்வார்.

'அசைவு' என்னும் சொல்லைக் கூர்ந்து நோக்குக. பழைய நிலையிலிருந்து பெயர்ந்து வருந்துதல் என்றால், அது நம் கதையன்றோ? வேர் ஓரிடத்தும் கிளை ஓரிடத்துமாக வாழும் குடும்பங்களின் துயருக்கு ஐரோப்பியர் 1688இல் பெயர் தேடினர். அதனையும் தன்னுள் அடக்கும் ஒரு சொல் நம் இலக்கணத்துள் அதற்கு மிக முன்பே இருந்தது.

இலக்கணத்தைவிட்டுப் பேச்சிற்கு வந்தாலும் இவ்வேறுபாடு புலனாகும். ஆங்கிலேயன் 'நான் துயரமாக இருக்கிறேன்' என்னும் அமைப்பில் பேசுவான், அவனே துயரமாகிவிடுகிறான். தமிழில் 'எனக்கு வருத்தமாக இருக்கிறது' என்கிறோம். துயருற்றான், துன்பப்பட்டான் என்னும்போதும் துயரம் வெளியிலிருந்து வந்து தைப்பதாகவே மொழி காட்டுகிறது. வந்தது ஒருநாள் போகும் என்னும் ஆறுதலும் அவ்வமைப்பினுள்ளேயே இருக்கிறது.

இரங்கற் பாடல்களிலும் இதனைக் காணலாம். 1833இல் மறைந்த தம் நண்பர் ஆர்தர் ஹாலமுக்காக டென்னிசன் பல ஆண்டுகள் எழுதிச் சேர்த்த நெடும்பாடல் 1850இல் வெளிவந்தது. ஒரு நட்பின் இழப்பை அவ்வளவு நீண்டகாலம் கைவிடாமல் எண்ணிய நூல் அது. ஆங்கிலத்தில் இவ்வகைக்கு 'எலிஜி' என்று பெயர். அது பாட்டின் பெயர். புறநானூற்றிலோ அத்துறைக்குக் கையறுநிலை என்று பெயர். கை செயலற்று நிற்கும் நிலை என்பது அது. பாட்டிற்குப் பெயரிடாமல், அழுபவர் நிற்கும் நிலைக்குப் பெயரிட்டனர். பாரியை இழந்த மகளிர் பாடிய சிறு பாட்டும், அதியமானை இழந்த ஔவையார் பாடியனவும் அத்துறையைச் சேர்ந்தவை. டென்னிசன் பல ஆண்டுகளில் விரித்ததைப் பாரி மகளிர் சில அடிகளில் சொல்லி முடித்தனர். இரண்டும் உயர்ந்தவையே. ஒருவர் துயரை ஆராய்ந்தார். மற்றவர் துயர் தம்மேல் விழுந்த இடத்தைக் காட்டினர்.

இழிந்துபோன மூன்று சொற்கள்

இவ்வளவு செல்வம் இருந்தும் நம் மகள் ஏன் 'ஃபீல்' என்கிறாள்? இங்குதான் யான் என் பழைய கருத்தைக் கைவிட நேர்ந்தது. மூன்று சொற்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, இழவு. தொல்காப்பியர் அழுகையின் நிலைக்களமாக வைத்த சொல். இன்று அது வசைச்சொல். 'என்ன எழவோ' என்று சலித்துக்கொள்வதற்கே பயன்படுகிறது. நாலு பேர் நடுவே அதைச் சொல்லவும் கூசுவோம்.

இரண்டாவது, புலம்பு. தொல்காப்பிய உரியியலில் இதற்குத் தனிமை என்பது பொருள். துணையின்றித் தனித்திருக்கும் நெஞ்சின் நிலையைக் குறித்த அரிய சொல் அது. இன்று புலம்புதல் என்றால் பயனின்றிப் பிதற்றுதல். 'சும்மா புலம்பாதே' என்று வாயடைக்கப் பயன்படுத்துகிறோம்.

மூன்றாவது, ஒப்பாரி. இறந்தவரை மலையோடும் மரத்தோடும் ஒப்பிட்டு, ஒப்புச் சொல்லி அழும் கலை. எழுத்தறியாத பெண்கள் நினைத்த மாத்திரத்தில் உவமை கட்டிப் பாடிய இலக்கியம். இன்று 'ஒப்பாரி வைக்காதே' என்பது ஏளனம். அலுவலகத்தில் குறை கூறுபவனும் ஒப்பாரி வைப்பவன். தேர்தலில் தோற்றவனும் ஒப்பாரி வைப்பவன்.

இம்மூன்றையும் இழிவுபடுத்தியவர் ஆங்கிலேயர் அல்லர், நாமே. அழுவதை நாகரிகமற்றதென்று கருதத் தொடங்கியபோது, அழுகைச் சொற்களையும் ஏச்சுச் சொற்களாக்கிக்கொண்டோம். சொற்கள் இழிந்தபின் அவ்விடம் வெறுமையாயிற்று. வெறுமையான இடத்தில் 'ஃபீலும்' 'அப்செட்டும்' குடிபுகுந்தன. ஆங்கிலச் சொல் வந்ததால் தமிழ்ச் சொல் போகவில்லை. தமிழ்ச் சொல்லை நாம் வெளியேற்றியதால் ஆங்கிலச் சொல் வந்தது. சன்னலைச் சாத்திய அன்று யானும் அவ்வெளியேற்றத்திற்குத் துணைநின்றேன்.

ஆங்கிலத்தால் வந்த நன்மை ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 'டிப்ரஷன்' என்பது கீழே அழுத்துதல் என்னும் பொருளுடையது. இன்று மருத்துவர் கண்டறிந்து குணப்படுத்தும் ஒரு நோயின் பெயர். முன்பு இத்தகையோரைச் சோம்பேறி என்றோம். பேய் பிடித்தது என்றோம். நோயென்று ஒரு பெயர் கிடைத்ததால் இன்று பலர் கூசாமல் மருத்துவரிடம் செல்கின்றனர். அதனைத் தமிழில் மனச்சோர்வு எனலாம். பணிச்சுமையால் வரும் மன அழுத்தத்தோடு அதனைக் குழப்புவது கூடாது. பல வாரங்கள் உறக்கமும் உணவும் கெட்டு, எதிலும் பற்றின்றி இருப்பவரிடம் 'கவலைப்படாதே' என்று சொல்லி நிறுத்திவிடலாகாது. அதே வேளையில் தம்பியை இழந்த தமக்கையின் அழுகையும் நோயாகாது. எது நோய், எது துயர் என்று பிரித்தறிய இருமொழிச் சொற்களும் நமக்கு உதவும்.

நெய்தல் நிலத்து மக்கள்

ஐந்திணையுள் கடலும் கடல் சார்ந்த நிலமும் நெய்தல். அதன் உரிப்பொருள் இரங்கல். ஐங்குறுநூற்றில் நெய்தற்குரிய நூறு பாடல்களைப் பாடியவர் அம்மூவனார். கரையில் நிற்கும் ஒருத்தி, கடலின்மேற் சென்றவரை எண்ணி ஆற்றாமல் இருப்பதே அத்திணையின் நெஞ்சம். அந்தச் சொல்லை நாம் இன்று 'ஆழ்ந்த இரங்கல்' என்று சுவரொட்டியிலும் கைப்பேசியிலும் மட்டுமே காண்கிறோம்.

எண்ணிப் பார்த்தால், இத்தீவுகளில் வாழும் நாம் அனைவரும் நெய்தல் நில மக்கள். நமக்கும் ஊருக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடல் கிடக்கிறது. அப்பால் நிகழும் நல்லது கெட்டது எதற்கும் உரிய நாளில் சென்று சேர இயலாமை நம் வாழ்வின் இயல்பு. பர்மாவிலிருந்து வந்தோரும், 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி உடன்படிக்கையின்பின் இலங்கையிலிருந்து திரும்பிக் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்ந்தோரும் இருமுறை கடல் கடந்தவர்கள், இருமுறை அசைவுற்றவர்கள்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது மிகக் கொடிதாகத் தாக்கப்பட்ட தீவுகளுள் கச்சாலும் ஒன்று. அப்போது பட்டியல்களில் 'மிஸ்ஸிங்' என்று ஒரு பிரிவு இருந்தது. பட்டியலுக்கு அச்சொல் தேவை. வேறு சொல் இட இயலாது. ஆனால் காணாமற்போனவருக்கு இழவு வீடு இல்லை; பதினாறாம் நாள் இல்லை; துக்கம் கேட்கச் செல்வோருக்கு வாயெடுக்கவும் தயக்கம். அந்நிலைக்கு ஆங்கிலத்தில் சொல் தேடினால் ஒரு பட்டியலின் தலைப்பே கிடைக்கிறது. தமிழில் தேடினால் இரங்கல் கிடைக்கிறது. கரையில் நின்று, வருவாரோ வாராரோ என்று அறியாமல் ஏங்குதல். பழந்தமிழர் அதற்கென ஒரு நிலத்தையே ஒதுக்கி வைத்திருந்தனர்.

முடிவுரை

ஆங்கிலச் சொற்களை ஒழிக்கவேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. அலுவலகத்தில் 'ரிக்ரெட்' இருக்கட்டும். தெருவில் 'சாரி' இருக்கட்டும். மருத்துவமனையில் 'டிப்ரஷன்' இருக்கட்டும். வீட்டில் மட்டும் துயரை அதன் பெயர் சொல்லி அழைப்போம். 'ஃபீல் பண்ணாதே' என்பதற்கு மாற்றாக, 'என்ன நேர்ந்தது, சொல்' என்று கேட்கப் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம். முதியவர் அழுதால் அழவிடுவோம். அவர்கள் அழும் சொற்கள் பள்ளிப் பாடநூலில் கிடைப்பன அல்ல. அவர்களோடு சென்றுவிட்டால் தீவிலும் கிடையா, ஊரிலும் கிடையா.

என் மனைவியின் தாயார் அன்று நிறுத்திய அழுகையை ஏழு மாதங்கள் நெஞ்சில் சுமந்திருந்தார். கோடை விடுப்பில் ஊர் சென்றபோது, தம்பியின் வீட்டு வாசலில் கால் வைத்ததும் அது வெடித்துக் கிளம்பிற்று. தெருப் பெண்கள் கூடிக் கட்டிப்பிடித்து உடனழுதனர். ஒருவரும் கதவைச் சாத்தவில்லை. என் மகள் திண்ணையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இரவு என்னிடம் வந்து, "அப்பா, அம்மாச்சி ஏன் தாத்தாவை ஆலமரம்னு சொல்லி அழறாங்க?" என்றாள். அதன் பொருளை விளக்கத் தொடங்கினேன். முழுதும் சொல்ல எனக்கும் தெரியவில்லை. இருவருமாக எழுந்து அம்மாச்சியிடமே கேட்கச் சென்றோம்.